சைகோன் பட்டறையில் நான்கு கோளங்கள்

2025 ஆகஸ்ட் 6, புதன் – சைகோன்

விமான நிலையத்தை விட்டு வரும்போது வானம் வெளுத்துத்தான் இருந்தது. டாக்ஸி முதல் சிக்னலைத் தாண்டுவதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. ஸ்கூட்டரில் போகிறவர்கள் யாரும் பதறவில்லை. ஓரமாக நிறுத்தி, இருக்கைக்கு அடியிலிருந்து மழை அங்கியை எடுத்துத் தலைவழியாக மாட்டிக்கொண்டு, உடனே மறுபடி சாலையில் கலந்துவிடுகிறார்கள். பின்னால் அமர்ந்திருப்பவரும் அதே அங்கிக்குள் தலையை நுழைத்துக்கொள்கிறார். முக்கால் மணி நேரத்தில் மழை விட்டது. புழுக்கம் விடவில்லை.

ஊருக்கு ஹோ சி மின் நகரம் என்று பெயர் வைத்தது 1976-இல். பேச்சில் இன்னும் சைகோன்தான், எனவே நானும் அப்படியே எழுதுகிறேன்.

வந்த காரணம் ஒரு கப்பல். நான் கேஸ் இன்ஜினியராக வேலை பார்த்த எல்.என்.ஜி. (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) கப்பல் சென்ற ஆண்டு உடைப்புக்குப் போய்விட்டது. தொண்ணூறுகளில் ஜப்பானில் கட்டியது. 272 மீட்டர் நீளம், 47 மீட்டர் அகலம், தளத்துக்கு மேல் எழுந்து நிற்கும் நான்கு கோளங்கள். நீராவி டர்பைனில் ஓடுகிற அந்தத் தலைமுறைக் கப்பல்கள் எரிபொருளை அதிகம் தின்னும். புதிய என்ஜின்கள் வந்தபிறகு அவற்றுக்குச் சரக்குக் கிடைப்பதே அரிதாகி, ஒவ்வொன்றாகக் கரையேற்றி உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கப்பலில் எங்களுக்கெல்லாம் தொழில் கற்றுக்கொடுத்த சீஃப் இன்ஜினியர் ஓய்வுபெற்றுத் தூத்துக்குடியில் இருக்கிறார். வருகிற அக்டோபரில் அவருக்கு எழுபது வயது நிறைகிறது. பழைய சகாக்கள் சேர்ந்து பணம் போட்டு, அதே கப்பலை மரத்தில் செய்து அவர் வீட்டு முன்னறையில் வைப்பது என்று முடிவு செய்தோம். ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். இரண்டாவது வாரமே யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

மரத்தில் மாதிரிக் கப்பல் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் பட்டறைகள் சைகோனில் நிறைய இருக்கின்றன. ஏப்ரலில் ஒரு பட்டறைக்குக் கப்பலின் வரைபடங்களையும் எங்கள் கைவசம் இருந்த புகைப்படங்களையும் அனுப்பினோம். அளவு 1:300, அதாவது நீளம் 91 சென்டிமீட்டர். விலை 1,450 டாலர், பாதி முன்பணம். ஜூலை இறுதிக்குள் தயார் என்றார்கள். நேரில் வந்து பார்த்து, சரியாக இருந்தால் கையோடு கொண்டுபோவது என் பொறுப்பு.

இரவு விடுதிக்கு எதிரே இருந்த கடையில் கோம் தாம் சாப்பிட்டேன். நொய்யரிசிச் சோறு, கரியடுப்பில் வாட்டிய பன்றி இறைச்சி, பக்கத்தில் வெள்ளரி, சின்னக் கிண்ணத்தில் இனிப்பும் காரமும் கலந்த மீன் சாறு. 50,000 டாங், நம் பணத்தில் 165 ரூபாய் அளவில். ஐஸ் போட்ட தேநீர் தட்டோடு வந்தது, அதற்குக் காசு கிடையாது. நான் மீன் சாற்றைச் சோற்றின் மேல் மொத்தமாகக் கவிழ்க்கப் போனபோது கடைக்கார அம்மாள் ஓடி வந்து கையைப் பிடித்து நிறுத்தி, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் காட்டினார்.

ஆகஸ்ட் 7, வியாழன் – பட்டறை

பட்டறை நகரத்தின் வடக்கு விளிம்பில், 12-ஆம் வட்டாரத்தில். ஜூலை 1 முதல் வட்டார நிர்வாகம் என்பதையே அரசு எடுத்துவிட்டது. ஆனால் வழி கேட்டால் எல்லாரும் பழைய எண்ணைத்தான் சொல்கிறார்கள்.

தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டகை. வாசலில் இரும்புச் சட்டங்களில் பாதி முடிந்த டைட்டானிக்குகள் வரிசையாக நின்றன. உள்ளே பெண்கள் இருவர் இடுக்கியால் நூலைப் பிடித்து ஒரு பாய்க்கப்பலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். மரத்தூளும் வார்னிஷும் கலந்த வாசனை. தூத்துக்குடியில் தோணி கட்டும் இடங்களில் சுற்றி வளர்ந்த எனக்கு அது நன்றாகப் பழகிய வாசனை.

அலுவலகத்தில் வேலை செய்யும் இளம்பெண் ஆங்கிலம் பேசி மொழிபெயர்த்தார். எல்லாவற்றுக்கும் முன்னால் என் வயதைக் கேட்டார். கேட்டுவிட்டு எனக்குச் ‘சூ’, அதாவது சித்தப்பா முறை கொடுத்தார். எங்கள் கப்பலைச் செய்யும் தலைமை ஓடாவிக்கு, அதாவது கப்பல் தச்சருக்கு, என்னைவிட ஆறேழு வயது கூடுதல், ஆகவே அவர் எனக்கு அண்ணன். அதன்பிறகு பேச்சு சுமுகமாக ஓடியது.

கப்பல் தயாராகவில்லை.

உடல் முடிந்திருந்தது. ஒட்டுப்பலகையில் குறுக்குச் சட்டங்கள் அறுத்து நிறுத்தி, அவற்றின் மேல் மெல்லிய மரப்பட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டி, தேய்த்து, பூச்சு வைத்து, மறுபடி தேய்த்திருக்கிறார்கள். அணியத்தின், அதாவது முன்முனையின், அடியில் நீரைப் பிளக்கிற குமிழ் மிக நன்றாக வந்திருந்தது. பெரும்பாலான மாதிரிகளில் அது பருத்துப்போய்விடும். இங்கே வரைபடத்தில் உள்ள வளைவு அப்படியே இருந்தது. அதைத் தடவிப் பார்த்தபோதே இவர் கையில் விட்டது சரி என்று தோன்றிவிட்டது.

கோளங்கள்தான் தடை. நான்கையும் பலா மரக்கட்டைகளில் கடைசல் பிடித்திருந்தார்கள். ஒவ்வொன்றும் 13 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் குறுக்களவு. இரண்டு வெடித்துவிட்டன. ஒன்றில் உச்சியிலிருந்து விளிம்பு வரை தீக்குச்சி நுழைகிற அளவு பிளவு. கட்டையின் நடுவில் ஈரம் இருந்திருக்கிறது. மழைக்காலம், அவசரம். பூச்சு வைத்து மூடிவிடலாம், மேலே வண்ணம் வரத்தானே போகிறது என்று இளைஞர் ஒருவர் சொன்னாராம். ஓடாவி ஒப்பவில்லை. ஒரு வருடம் கழித்து வண்ணத்தோடு சேர்ந்து மறுபடி வெடிக்கும் என்றார். அவர் சொன்னதே சரி. தாமதத்தைப் பற்றி எனக்கிருந்த கோபம் அங்கே பாதி இறங்கியது.

பிறகு அவர் என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கினார். இந்தக் கோளத்துக்குள் என்ன இருக்கிறது? ஏன் உருண்டை? கப்பலின் வயிற்றுக்குள் எவ்வளவு ஆழம் போகிறது? பின்னால் மாடிக்கட்டடம் ஏன் இவ்வளவு உயரம்?

வெளியே தெரிவது இரும்பு மூடிதான், அதற்குள்ளே அலுமினியத் தொட்டி தனியாக இருக்கிறது என்று விளக்கினேன். உள்ளே இயற்கை எரிவாயு, மைனஸ் 162 டிகிரியில் திரவமாக. அந்தக் குளிரில் அதன் கொள்ளளவு வாயுவாக இருந்ததில் 600-இல் ஒரு பங்காகிவிடும், அதனால்தான் கப்பலில் ஏற்ற முடிகிறது. குளிர்ந்தால் தொட்டி சுருங்கும். 39 மீட்டர் குறுக்களவுள்ள தொட்டி பத்து சென்டிமீட்டருக்கு மேல் சுருங்குகிறது. அதனால் அதைக் கப்பலோடு நேரடியாக இறுக்கிக் கட்டாமல், இடுப்பளவில் ஓர் உருளை வளையத்தில் தாங்க விட்டிருக்கிறார்கள். அடிப்பாகம் எதையும் தொடாது. இந்த வடிவமைப்பு நார்வேயின் மாஸ் நிறுவனத்துடையது. முதல் கப்பல் 1973-இல் வந்தது. மேல்மாடி உயரம் எதற்கென்றால், கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜில் நிற்பவர் நான்கு கோளங்களையும் தாண்டி முன்னே கடலைப் பார்க்க வேண்டும்.

‘மரம் எங்கேயாவது உண்டா?’ என்று கேட்டார். மரவேலைக்காரர் அல்லவா.

எங்கள் கப்பலின் தொட்டிக்கு நுரை உறைதான். ஆனால் கடல் கடந்து எல்.என்.ஜி. கொண்டுபோன முதல் கப்பலான மீத்தேன் பயனியரில் மரம் இருந்தது. 1959-இல் அமெரிக்காவின் லேக் சார்லஸிலிருந்து இங்கிலாந்தின் கான்வி தீவுக்குப் போன கப்பல் அது. பழைய சரக்குக் கப்பலை மாற்றிக் கட்டியிருந்தார்கள். அலுமினியத் தொட்டிகளைச் சுற்றிக் குளிர் தாங்க வைத்தது பால்சா மரம். இன்றைக்கும் கோளமில்லாத கப்பல்களில் ஒரு வகைக்கு ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் குளிர் தாங்கும் பெர்லைட் தூள் நிரப்பி அடுக்குகிறார்கள். அந்தப் பெட்டிகளின் மேல் விரித்திருக்கும் உலோகத் தகட்டின் தடிமன் 0.7 மில்லிமீட்டர்தான். திரவத்தின் எடை முழுவதையும் கடைசியில் தாங்குவது அந்தப் பலகைகள்.

இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் பட்டறையில் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஓடாவி வெடித்த கோளத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி – மாரியம்மன் கோயிலும் பலா மரமும்

ஆடி வெள்ளி. பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வணிகம் செய்த தமிழர்கள் கட்டியது. காலை ஏழு மணிக்கே கூட்டம். வந்திருந்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் வியட்நாமியர்கள். கட்டுக்கட்டாக ஊதுவத்தியும் பூவும் பழமும் கொண்டுவருகிறார்கள். சுற்றிவந்து கருவறையின் பின்சுவர்க் கல்லில் நெற்றியை வைத்து, வாய்க்குள் வேண்டுதலைச் சொல்கிறார்கள். நான் ஒதுங்கி நின்றதைப் பார்த்த ஒரு பாட்டி, எனக்கு இடம்விட்டு, சுவரைக் காட்டிச் சைகை செய்தார். எங்கள் அம்மனிடம் எனக்கு வழிகாட்டுகிறார் என்று நினைத்தபோது மனம் நெகிழ்ந்துவிட்டது. நெற்றியை வைத்து, கப்பல் நல்லபடி முடிய வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

பட்டறைக்குப் போனபோது ஓடாவி இரவே யோசித்து வைத்திருந்தார். முழுக்கட்டையை விட்டுவிடுவது. காய்ந்த பலாத் துண்டுகளை ஆப்பு வடிவில் அறுத்து ஒட்டி வளையமாக்கி, வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டி, பிறகு கடைசலில் பிடிப்பது. துண்டு சின்னதாக இருந்தால் மரம் அசைவதும் குறையும், வெடிக்காது. ஆனால் இணைப்புக் கோடுகள் தெரியும். அதனால் வண்ணம் அடித்துவிடலாம் என்றார்.

கோடுகள் தெரியட்டும் என்றேன். உண்மையான கோளமும் அப்படித்தான் பிறக்கிறது. வளைத்த தகடுகளை வட்டம் வட்டமாகச் சேர்த்துப் பற்றவைத்துத்தான் கட்டுகிறார்கள். கப்பலின் உடலுக்கு வண்ணம் இருக்கட்டும், கோளங்கள் நான்கும் பலா மரத்தின் மஞ்சளிலேயே நிற்கட்டும், மேலே மெருகு மட்டும் போதும்.

இங்கே பலா மரத்தில் புத்தர் சிலை செய்கிறார்கள். வயது ஏற ஏற நிறம் பொன்னாகும் என்று ஓடாவி சொன்னார். எங்கள் ஊரில் வீணையும் மிருதங்கமும் பலாவில்தான் என்று நான் சொன்னேன். மிருதங்கத்தின் படத்தைக் கைப்பேசியில் காட்டியதும் உள்ளே எப்படிக் குடைகிறார்கள் என்று கேட்டார்.

சகாக்களிடம் இதைச் சொன்னபோது இருவர் எதிர்த்தார்கள். எங்கள் கோளங்கள் வெள்ளை, வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒருவர் கோபித்தார். வண்ணம் பூசிவிட்டால் மரம் என்று யாருக்குத் தெரியும், அச்சில் வார்த்த பிளாஸ்டிக் ஒன்றை வாங்கி வைத்துவிடலாமே என்று வாதாடினேன். இரவு பதினொரு மணிக்கு ஒத்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு – வுங் தாவ்

ஓடாவி இதுவரை ஒரு வாயுக் கப்பலையும் கண்ணால் பார்த்ததில்லை. வுங் தாவ் போனால் பார்க்கலாம் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். காலை ஆறரைக்கு விடுதி வாசலில் சலவைச் சட்டையோடு வந்து நின்றார், கூடவே மொழிபெயர்க்கும் பெண்ணும். வேனில் ஆளுக்கு 200,000 டாங். என்னைக் கொடுக்க விடவில்லை. திரும்பி வரும்போதுதான் விட்டார்கள்.

வுங் தாவ் கடற்கரை ஊர். ஜூலையிலிருந்து இதுவும் ஹோ சி மின் நகரத்தோடு சேர்ந்துவிட்டது. இதன் மேற்கே உள்ள விரிகுடா வழியாகத்தான் தீ வாய் துறைமுகத்துக்குக் கப்பல்கள் போகின்றன. வியட்நாமின் முதல் எல்.என்.ஜி. முனையம் அங்கேதான், 2023 ஜூலையில் முதல் சரக்கு வந்தது. சின்ன மலை என்று ஒன்று இருக்கிறது, அதன் மேல் கலங்கரை விளக்கம். வெயில் ஏறும் முன்னே நடந்து ஏறினோம். சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

கோளம் வைத்த கப்பல் ஒன்றும் அன்று வரவில்லை. ஒரு சிறிய எல்.பி.ஜி. கப்பல் மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தது. பைனாகுலரை ஓடாவியிடம் கொடுத்தேன். கப்பல் மலை மறைவுக்குள் போகிறவரை அவர் அதைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. பிறகு தரையில் குச்சியால் கோடு போட்டு, குழாய் ஏன் நேராகப் போகாமல் நடுவில் வளைந்து வெளியே போய்த் திரும்பி வருகிறது என்று கேட்டார்.

குளிர்ந்தால் குழாயும் சுருங்கும். நேராகப் போட்டால் இணைப்புகளில் இழுத்து உடைத்துவிடும். அந்த வளைவுதான் சுருக்கத்தை ஏற்றுக்கொள்கிறது. எங்கள் கப்பலில் இன்னும் பெரிய வளைவுகள் உண்டு. இவ்வளவையும் சொன்னதும் அவர் தலையாட்டிவிட்டு, பட்டறையில் குழாய்களையெல்லாம் நேர்க்கம்பியாக வெட்டி வைத்திருப்பதாகவும், நாளையே மாற்றுவதாகவும் சொன்னார். வரைபடத்தில் அந்த வளைவுகள் இருக்கின்றன. இவ்வளவு காலம் அவற்றின் கீழே குனிந்து போன நான் அதை ஏப்ரலிலேயே அவருக்கு எடுத்துச் சொல்லத் தோன்றவில்லை. மரவேலைக்காரர் ஒருவர் எங்கோ தெரிந்த சின்னக் கப்பலிலிருந்து கண்டுபிடித்துவிட்டார்.

மதியம் பான் கோத். குழிப்பணியாரச் சட்டிபோல ஒன்றில் அரிசி மாவு ஊற்றி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு இறால் வைத்துச் சுட்டுத் தருகிறார்கள். கீரை இலையில் சுருட்டி மீன் சாற்றில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். தட்டு 70,000 டாங். மூன்று பேரும் இரண்டாவது தட்டு கேட்டோம். வெயிலுக்கு அது மட்டும்தான் பரிகாரம்.

ஆகஸ்ட் 11, திங்கள் – மில்லிமீட்டர்கள்

பட்டறையில் முழுநாள். புதிய கோளம் ஒன்று கடைசலிலிருந்து இறங்கியிருந்தது. வளையம் வளையமாக மெல்லிய கோடுகள், பலாவின் மஞ்சள். எனக்கு வேறு எந்தச் சந்தேகமும் மிஞ்சவில்லை.

செப்புக் கம்பியைச் சூடாக்கி, ஆணி அடித்த பலகையில் வளைத்து, புதிய குழாய்களைச் செய்துகொண்டிருந்தார்கள். 1:300 அளவில் எல்லாம் மனிதக் கண்ணின் எல்லைக்கு வந்துவிடுகிறது. சரக்குக் குழாய்வாய்கள் வரிசையாக நிற்கும் மேனிஃபோல்டில் 400 மில்லிமீட்டர் குழாயின் வாய் இங்கே 1.3 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் உயரக் கைப்பிடிச் சட்டம் 3.3. கப்பலின் நடுவில் இரண்டு பக்கமும் ஐந்து வாய்கள். நடுவில் இருப்பது ஆவிக்கு, அதன் இருபுறமும் இரண்டிரண்டு திரவத்துக்கு. கரையின் சரக்குக் கைகள் வந்து பொருந்தும் இடம் அது. சரக்கு ஏற்றும் நாளில் எங்கள் உயிரெல்லாம் அங்கேதான் இருக்கும். ஐந்தும் ஒரே அளவில் இருந்ததால் ஒவ்வொன்றையும் விளக்கின் கீழ் வைத்துச் சரிபார்த்தோம்.

கோளங்களின் உச்சியைத் தொட்டுக்கொண்டு போகும் நடைபாலத்துக்கு அவர் பித்தளைத் தகடு வெட்டியிருந்தார். தொட்டியின் வால்வுகளும் அளவுக் கருவிகளும் உச்சியில்தான் இருக்கும். அதனால் ஒவ்வொரு நாளும் நான் நடந்த பாதை அது. பாரசீக வளைகுடாவின் ஆகஸ்ட் வெயிலில் அந்தக் கம்பியைக் கையுறை இல்லாமல் தொட முடியாது. இதையும் அவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கைப்பிடிச் சட்டத்தின் செங்குத்துக் கம்பிகளை இன்னும் நெருக்கமாக வைக்கலாமா, அப்போதுதான் உண்மையாக இருக்கும் என்று கேட்டார். அதற்குமட்டும் இன்னும் இரண்டு நாள் வேலை. சரி என்றேன்.

துரு காட்ட வேண்டுமா, சிலர் கேட்பார்கள், அழகாக இருக்கும் என்றார் இளைஞர். வேண்டவே வேண்டாம். எங்கள் சீஃப் கப்பலில் இருந்தவரை தளத்தில் துருப்பொட்டு ஒன்று தெரிந்தால் காபி குடிக்க விடமாட்டார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய் – பெட்டியும் ஒரு கதவும்

கையோடு கொண்டுபோவது இனி நடக்காது. மெருகு காய்ந்து எல்லாம் முடிய செப்டம்பர் நடுவாகும். விமானச் சரக்கில் அனுப்பச் சொல்லிவிட்டேன். அனுப்பும் முகவரிடம் பேசியதில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. முதலாவது, பெட்டியோடு சேர்த்து எடை 14 கிலோதான், ஆனால் கட்டணம் கொள்ளளவுக்கு. 110, 35, 45 சென்டிமீட்டரைப் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் 29 கிலோ வருகிறது. இரண்டாவது, பெட்டியைச் சுத்த மரத்தில் செய்தால் பூச்சி இல்லாதபடி சூடேற்றி முத்திரை குத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இறங்கும் துறைமுகத்தில் நிறுத்திவிடுவார்கள். ஒட்டுப்பலகைக்கு அந்த விதி இல்லை. ஒட்டுப்பலகையிலேயே செய்யச் சொன்னேன். உள்ளே கப்பலை நுரைமேல் கிடத்தாமல், அடிப்பலகையோடு திருகி நிறுத்த வேண்டும் என்று ஓடாவி சொன்னார். நுரை அழுத்தினால் முதலில் போவது கைப்பிடிச் சட்டங்கள்.

மதியம் கப்பலின் படங்களைச் சீஃபுக்கு அனுப்பினேன். பத்தாவது நிமிடம் அழைப்பு வந்தது. கோளங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

‘தம்பி, கம்ப்ரஸர் ரூமுக்கு ஒரு கதவுதானே தெரிகிறது?’

ஆமாம் என்றேன்.

‘மோட்டார் ரூம் கதவு எங்கே? கம்ப்ரஸர் இருக்கிற இடத்தில் வாயு கசியலாம். மோட்டார் இருக்கிற இடத்தில் பொறி வரலாம். நடுவில் வாயு புகாத சுவர். இரண்டு அறைக்கும் வழி தனித்தனி. இதை உனக்கு முதல் மாதமே சொல்லிக்கொடுத்தேனே. ஒரே வாசல் வைத்த கப்பலை என் வீட்டுக்குள் கொண்டுவராதே.’

வரைபடப் பிரதியில் அந்த மூலை மங்கியிருந்தது. அரை மணி நேரத்தில் சீஃப் நோட்டுப் புத்தகத்தாளில் பென்சிலால் வரைந்து, அளவு குறித்து, படம் எடுத்து அனுப்பினார். ஓடாவி அதைப் பெரிதாக அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டிக்கொண்டார். 1:300-இல் அந்தக் கதவு ஏழு மில்லிமீட்டர் உயரம்கூட வராது. மெல்லிய தகட்டில் வெட்டி இடுக்கியில் பிடித்துக்கொண்டு, கீல் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

மறுபடி தூத்துக்குடிக்கு அழைத்தேன்.